பழைய சட்டையும் பத்து ரூபாயும்

சிதம்பரம் கீழ சன்னதியில் கையேந்தி நிற்கும் சிறுமியிடம் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு நகர்ந்தால் மனசு லேசாகிவிடும். கொடுத்தவர் மனசு, அவ்வளவே. அந்தக் காசு குழந்தையின் படிப்புக்கோ வயிற்றுக்கோ போகிறது என்பது பலருடைய நம்பிக்கை. ஆனால் கையில் காசு சேரும் பிள்ளையை மறுநாளும் அதே இடத்தில் நிறுத்தத்தான் ஆள் வருவார்கள். குழந்தையைப் பிச்சையெடுக்க வைப்பவருக்கு 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கலாம். பத்து ரூபாய்க்குப் பதில் 1098-க்கு ஒரு போன் போதும். கட்டணம் கிடையாது, பள்ளிப் பிள்ளைகளே பேசலாம். வறுமையைப் பற்றிப் பாடம் எடுக்கும் வகுப்பில் முதலில் கரும்பலகையில் ஏறவேண்டியது இந்த எண்.

“அவங்களுக்கெல்லாம் படிப்புல அக்கறையே இல்லீங்க.” ஏழை வீடுகளைப் பற்றி ஆசிரியர் ஓய்வறைகளில் இன்னும் உயிரோடு இருக்கும் வாக்கியம் இது. சிதம்பரம் ஓமக்குளத்துக்குப் போனால் பதில் கிடைக்கும். கோயில் வாசலே மறுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக 1916-இல் சுவாமி சகஜானந்தர் அங்கே நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அக்கறை இல்லாத சனங்களின் பிள்ளைகளை வைத்தா ஒரு பள்ளி நூறாண்டு தாண்டும்?

அக்கறை இருந்தும் தடுக்கி விழும் இடம் வேறு. பிச்சாவரம் பக்கம் உப்பங்கழியில் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பங்களைக் கேட்டால் ‘சாதிச் சான்றிதழ்’ என்பார்கள். பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் தரவேண்டும். அதற்கு அப்பா அம்மாவின் சான்றிதழ் எங்கே என்ற கேள்வி வரும். பள்ளிக்கே போகாத அப்பாவிடம் அது ஏது? உதவித்தொகையும் மேற்படிப்பும் இந்த ஒரு காகிதத்தில் மாட்டிக்கொள்கின்றன.

‘எல்லாம்தான் இலவசமாச்சே’ என்பது அடுத்த வாக்கியம். பாதி உண்மை, அதனால்தான் ஆபத்தும்கூட. 2022 செப்டம்பரில் தொடங்கி, மறு ஆண்டு மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போன காலை உணவுத் திட்டம் 1 முதல் 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காக வந்தது. மதியச் சத்துணவு பத்தாம் வகுப்போடு சரி. பதினைந்து பதினாறு வயதில், பசியும் கூடி, கூலிக்குப் போனால் காசு வரும் என்று தெரிகிற நேரத்தில் தட்டு நின்றுவிடுகிறது.

வறுமை ஒரு சில வீடுகளின் நிரந்தர முகவரி என்று நினைப்பவர்கள் கடலூர்க்காரர்களாக இருக்க முடியாது. 2011 டிசம்பர் 30 அதிகாலை ‘தானே’ புயல் அடித்தது. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நட்ட முந்திரி காய்த்துக் காசாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். முதல் நாள் வரை தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை. விடிந்ததும் பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் தேடும் வீட்டுப் பிள்ளை. 2015 வெள்ளமும் இதே மாவட்டத்தை முழுக்காட்டியது. வகுப்பில் ‘ஏழைக் குழந்தைகள்’ என்று எலும்பு தெரியும் படத்தைக் காட்டும்போது, மூன்றாம் பெஞ்சில் அப்படியொரு வீட்டிலிருந்து வந்தவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆசிரியருக்கு அது தெரியவேண்டும்.

கடைசியாக, பழைய துணி மூட்டை. பள்ளிகளில் ‘உதவி’ என்றதும் இதுதான் வருகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகையிலும் கடலூரிலும் லாரி லாரியாக வந்த பழைய துணி சாலையோரம் குவிந்து கிடந்தது. வீடு இழந்த மீனவப் பெண்களுக்குக் கிழிந்த கோட்டும் ஸ்வெட்டரும் எதற்கு? ஊர்ச் சுத்தம் செய்பவர்களுக்கு வேலை கூடியதுதான் மிச்சம்.

துணி மூட்டைக்குப் பதில் மாணவர்களுக்குத் தரக்கூடிய வீட்டுப்பாடம் ஒன்று உண்டு, கொஞ்சம் சலிப்பானது. வருமானச் சான்றிதழுக்கு என்னென்ன காகிதம் வேண்டும், இ-சேவை மையம் எங்கே, எந்தக் கிழமை கூட்டம் குறைவு என்று விசாரித்து எழுதிவரச் சொல்லலாம். பிறகு, ஒரு வாரமாக வராத வகுப்புத் தோழியின் அம்மாவோடு அந்த வரிசையில் போய் நிற்கலாம்.