வார்டுக்குப் போகும் தம்பிக்கு



உன் கடிதம் வந்தது. முதலாண்டுத் தேர்வை முடித்துவிட்டு வார்டுக்குள் காலெடுத்து வைக்கும் நேரத்தில் நீ கேட்டிருப்பது ஒரே கேள்விதான்: "இந்தச் சொற்களையெல்லாம் எப்படி சார் ஞாபகம் வைத்துக்கொள்வது?" அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் பிடித்தவன் நீ. ஆங்கிலவழியில் படித்தவர்களுக்கெல்லாம் சுலபமாக வருகிறது, எனக்குத்தான் ஒட்டவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருக்கிறாய். ராத்திரி முழுக்கச் சொற்களை நோட்டில் எழுதி எழுதிப் பார்க்கிறாயாம்.

அந்த நோட்டை மூடி வை. ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்டு என்பது ஆங்கிலம் இல்லை, தம்பி. உடலுறுப்புகளின் பெயர்கள் பெரும்பாலும் லத்தீனிலிருந்தும், நோய்களின் பெயர்கள் பெரும்பாலும் கிரேக்கத்திலிருந்தும் வந்தவை. லண்டனில் பிறந்த பிள்ளைக்கும் முதல் நாள் அவை புரியாது. உன் ஹாஸ்டல் நண்பர்களும் உருப்போட்டுத்தான் ஒப்பிக்கிறார்கள். உச்சரிப்பு சரளமாக இருப்பதால் புரிந்ததுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

உனக்கு வேறொரு பழக்கம் இருக்கிறது. பகுபத உறுப்பிலக்கணம் எழுதி மார்க் வாங்கியவன் நீ. 'வந்தனன்' என்று கொடுத்தால் வா பகுதி, சந்தி, இடைநிலை, சாரியை, அன் விகுதி என்று உன் கை தானாகப் பிரிக்கும். கேஸ்ட்ரோஸ்கோப்பியையும் அப்படியே பிரித்துப் பார். 'கேஸ்ட்ர்' பகுதி, இரைப்பை. 'ஸ்கோப்பி' விகுதி, கருவி விட்டுப் பார்ப்பது. நடுவில் நிற்கிற 'ஓ' பொருள் இல்லாத சாரியை, இரண்டையும் இணைக்க வந்தது. விகுதி உயிரெழுத்தில் தொடங்கினால் சாரியைக்கு வேலை இல்லை: கேஸ்ட்ர், ஐட்டிஸ், கேஸ்ட்ரைட்டிஸ். மெய்யோடு உயிர் சேரும் அதே கணக்கு. சில நூறு பகுதிகளும் கொஞ்சம் விகுதிகளும் கைவசம் இருந்தால், இதுவரை பார்த்திராத சொல் வந்தாலும் பிரித்துவிடலாம். சில உறுப்புகளுக்குப் பகுதி மட்டும் ஒன்றுக்கு இரண்டாக இருக்கும். சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோவது ரீனல் ஆர்ட்டரி, அது லத்தீன். அங்கே அழற்சி வந்தால் நெஃப்ரைட்டிஸ், அது கிரேக்கம். கருப்பைக்கு மூன்று: யூட்டரஸ், ஹிஸ்டரெக்டமி, எண்டோமெட்ரியம். இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

தசைகளின் பெயர்கள் இன்னும் தாராளமானவை. ஸ்டெர்னோ, மார்பெலும்பு, க்ளைடோ, காறை எலும்பு, மாஸ்டாய்டு, காதுக்குப் பின்னால் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முனை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பெயரே சொல்லிவிட்டது. இப்போது உன் வலது காதுக்குப் பின்னால் ஒரு விரலையும், மார்பெலும்பின் மேல்முனையில் இன்னொரு விரலையும் வை. முகத்தை இடப்பக்கம் திருப்பு. இரண்டு விரல்களுக்கும் நடுவே கயிறு மாதிரி ஒன்று புடைக்கிறதா? வலப்பக்கத் தசை சுருங்கினால் முகம் இடப்பக்கம் திரும்பும் என்பதை இனி நீ உருப்போட வேண்டியதில்லை.

விகுதிகளில் ஒரு மூன்றை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கச் சொல்வேன். ஓட்டமி என்றால் வெட்டித் திறப்பது. எக்டமி என்றால் வெட்டி எடுத்துவிடுவது. ஆஸ்டமி என்றால் திறந்து வெளியே ஒரு வாய் வைப்பது. கோலெக்டமியில் பெருங்குடல் போய்விடும்; கொலாஸ்டமியில் பெருங்குடலுக்கு வயிற்றுச் சுவரில் வழி வைப்பார்கள். ஒப்புதல் படிவத்தை நிரப்பும் வேலை பெரும்பாலும் ஹவுஸ் சர்ஜன் தலையில்தான் விழும். கையெழுத்துப் போடும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் வாழ்நாள் வித்தியாசம்.

பிரிக்கத் தெரிந்தவுடன் ஒரு தைரியம் வரும். அப்போதுதான் கவனம் வேண்டும். ஓமா என்றால் கட்டி என்று படித்திருப்பாய். ஹீமட்டோமா கட்டி நோய் இல்லை, ரத்தம் கசிந்து தேங்கியது. கிளாக்கோமா கண்ணின் நரம்பு பழுதாகும் நோய். மெலனோமாவும் லிம்ஃபோமாவும் கேட்பதற்குச் சாதுவாக இருந்தாலும் புற்றுநோய்கள். ஏனென்றால் இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே நாளில், ஒரே ஆள் உட்கார்ந்து வைத்தவை இல்லை. ஒவ்வொரு காலமும் தான் நம்பியதைப் பெயரில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. பிணத்தில் தமனிகள் காலியாகக் கிடப்பதைப் பார்த்த பழைய கிரேக்கர்கள் அவை காற்றைக் கொண்டுபோகும் குழாய்கள் என்று நினைத்தார்கள். ஆர்ட்டரி என்ற பெயரில் அந்த நினைப்பு இன்னும் இருக்கிறது. அதில் ஓடுவது ரத்தம்தான் என்று பண்டைய மருத்துவர் கேலன் காட்டி ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. மலேரியா என்றால் கெட்ட காற்று. ஆனால் 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணியைக் கண்டுவிட்டார். 1892-ல் ஃபைஃபர் என்ற ஆய்வாளர் ஒரு பாக்டீரியாவைப் பார்த்து ஃபுளூ காய்ச்சலுக்கு இதுதான் காரணம் என்றார். ஃபுளூ வைரஸ் 1933-ல் பிடிபட்ட பிறகும் அந்தப் பாக்டீரியா ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்ஸே என்ற பெயரோடுதான் இருக்கிறது. பெயர் தெரிந்துவிட்டதால் காரணம் தெரிந்துவிட்டது என்று எண்ணாதே. இடியோபதிக் என்று கேஸ் ஷீட்டில் எழுதும்போது, காரணம் தெரியவில்லை என்பதைத்தான் கிரேக்கத்தில் எழுதுகிறாய்.

திருத்தவும் செய்திருக்கிறார்கள். 1895-ல் ஜெர்மன் உடற்கூறியலாளர்கள் பாசெல் நகரில் கூடி, நூல்களில் புழங்கிவந்த ஏறத்தாழ 50,000 பெயர்களை ஐயாயிரம் சொச்சமாகக் குறைத்தார்கள். 1998-ல் வந்த பன்னாட்டுப் பட்டியல், காலின் வெளிப்புறத்தைச் சேர்ந்த பெரோனியல் என்ற சொல்லுக்குப் பதிலாக ஃபிபுலர் என்பதை முன்னே வைத்தது. இரண்டு தொடைகளுக்கு நடுவிலுள்ள பகுதியைக் குறிக்கும் பெரினியலோடு அது குழம்பியதே காரணம். ஒலியில் நெருங்கிய சொற்கள் ஆஸ்பத்திரியில் ஆபத்தானவை. ஹைப்பரும் ஹைப்போவும் போனில் ஒன்றுபோலவே கேட்கும். ராத்திரி டியூட்டியில் சிஸ்டரிடம் பேசும்போது "சுகர் குறைஞ்சிருக்கு, 48" என்று எண்ணோடு சொல். யாரும் உன் படிப்பைக் குறைவாக எண்ண மாட்டார்கள். இன்சுலின் எழுதும்போது யூனிட் என்பதை முழுதாக எழுது. எண்ணை ஒட்டி எழுதிய ஆங்கில 'யு' சுழியமாகத் தெரிந்து, பத்து நூறாகும். அமெரிக்க மருத்துவமனைகளில் அந்தச் சுருக்கத்தை எழுதவே கூடாது என்று 2004-லேயே பட்டியல் போட்டுவிட்டார்கள். எம்.எஸ். என்றால் இதய வார்டில் மைட்ரல் ஸ்டெனோசிஸ், நரம்பியல் வார்டில் மல்ட்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். உயிரினப் பெயர்களிலும் இந்த வம்பு உண்டு. எஷரிக்கியா கோலை பாக்டீரியா; எண்டமீபா கோலை குடலில் சும்மா குடியிருக்கும் அமீபா. இரண்டையும் சுருக்கினால் ஈ. கோலை. மலப் பரிசோதனை ரிப்போர்ட்டில் அப்படிப் பார்த்தால் லேபுக்கு நடந்துபோய் எது என்று கேட்டுவிட்டு வா.

இதுவரை எழுதியதெல்லாம் புத்தகத்திலும் கிடைக்கும். நான் உனக்கு உண்மையில் சொல்ல நினைத்தது இனிமேல்தான்.

முப்பது வயதுகூட இருக்காது, ஒரு அம்மா எங்கள் வார்டுக்கு வந்திருந்தார். "பாரம் தூக்குனா மேல்மூச்சு வாங்குதுங்க. ராவுல மல்லாந்து படுத்தா முட்டுது, ரெண்டு தலைகாணி வச்சாத்தான் தேவலாம். நடுச்சாமத்துல தூக்கிவாரிப் போட்டு எந்திரிச்சுருவேன், வாசலத் திறந்து காத்து பட உட்கார்ந்தாத்தான் அடங்கும்" என்றார். கேஸ் ஷீட்டில் ஏறியது ஒரே சொல்: மூச்சுத் திணறல். அதையும் ஆங்கிலத்தில். அவர் சொன்னது மூன்று தனித்தனி விஷயம். வேலை செய்யும்போது வருவது எக்ஸர்ஷனல் டிஸ்ப்னியா. படுத்தால் வந்து நிமிர்ந்தால் குறைவது ஆர்த்தாப்னியா. 'ஆர்த்தோ' என்றால் நிமிர்ந்த, 'ப்னியா' மூச்சு. தூக்கத்தைக் கலைத்து எழுப்புவது பராக்ஸிஸ்மல் நாக்டர்னல் டிஸ்ப்னியா. பிரித்தால் திடீரென்று, ராத்திரியில், மூச்சுத் தொல்லை. படுக்கும்போது காலிலிருந்து ரத்தம் கூடுதலாக நெஞ்சுக்குத் திரும்பும். இதயத்தின் இடப்பக்கம் அதை முன்னே தள்ள முடியாமல் திணறினால் நுரையீரலில் தேங்கும். எழுந்து உட்கார்ந்தால் இறங்கும். மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறதோ என்ற சந்தேகம் ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே வந்துவிட வேண்டும். சின்ன வயதில் காய்ச்சலோடு மூட்டுகள் மாறி மாறி வீங்கினவா என்று அடுத்துக் கேட்கவும் தோன்ற வேண்டும். எல்லாம் அந்த அம்மாவின் வாயிலேயே இருந்தது. புத்தகம் எழுதியவர்களும் இப்படிப் பேசியவர்களிடம் கேட்டுத்தான் கிரேக்கத்தில் பெயர் வைத்தார்கள்.

ஆகவே, நோயாளி சொன்னதை அவர் சொன்ன மாதிரியே முதலில் எழுதிக்கொள். தமிழில் எழுது. மொழிபெயர்ப்பு பிறகு. நம் கேஸ் ஷீட்டுகளில் 'கிடினெஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. தலைசுற்றல் என்று யார் வந்து சொன்னாலும் அதைப் போட்டுவிடுவார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கண்டாலே பிடிக்காது. "சுத்தி இருக்கிறதெல்லாம் சுழலுதா, இல்லை கண்ணை இருட்டிக்கிட்டு வருதா, இல்லை நடக்கும்போது தள்ளாடுதா?" என்று கேள். சுழன்றால் உள்காதைப் பார்க்கத் தோன்றும். இருட்டினால் ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பார்க்கத் தோன்றும். தள்ளாடினால் சிறுமூளை, கால் நரம்பு என்று போகும். மூன்று வழியையும் 'கிடினெஸ்' ஒரே குழிக்குள் தள்ளி மூடிவிடுகிறது.

இந்த இடத்தில் உனக்குத் தெரிந்த மொழி உன் கருவி. காலில் "மதமதப்பு" என்கிறவருக்கும் "எரிச்சல்" என்கிறவருக்கும் "குடைச்சல்" என்கிறவருக்கும் ஒரே தொல்லை இல்லை என்று உனக்குக் கேட்கும்போதே தெரியும். "நெஞ்சு கரிக்குது" என்பது வேறு, "நெஞ்சைப் பிடிக்குது" என்பது வேறு. சளி என்றால் சிலருக்கு மூக்கில் ஒழுகுவது, சிலருக்கு இருமித் துப்புவது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வாதம் என்ற சொல்லில் மூட்டுவலியும் வரும், கை கால் விளங்காமல் போவதும் வரும். நீர்க்கடுப்பு, பொன்னுக்கு வீங்கி, அக்கி, படர்தாமரை, மாலைக்கண் போன்றவற்றைக் கொச்சை என்று ஒதுக்காதே. அவை கூர்ந்து பார்த்தவர்கள் வைத்த பெயர்கள்.

தமிழில் யோசிப்பவனுக்கு இந்தப் படிப்பு முழுசாக வராது என்று உனக்கு யாராவது சொன்னால், யாழ்ப்பாணத்து மானிப்பாயை நினைத்துக்கொள். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், 1860-களில் தம் மருத்துவ வகுப்புகளைத் தமிழுக்கே மாற்றினார். தமிழில் படித்தவர் ஊரிலேயே இருந்து ஊராருக்கு வைத்தியம் பார்ப்பார் என்பது அவர் எண்ணம். இன்று நீங்கள் தலையணை மாதிரி சுமக்கிற கிரேயின் அனாட்டமி 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்துவிட்டது. உன் தேர்வு ஆங்கிலத்தில்தான், அதை மாற்ற நம்மால் முடியாது. ஆனால் புரிந்துகொள்வதைத் தமிழில் செய்ய யாரும் தடை போடவில்லை.

திரும்பிச் சொல்லும்போதும் இதே கவனம் வேண்டும். ஹார்ட் ஃபெயிலியர் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பெயில் என்றால் எல்லாம் முடிந்தது என்று குடும்பம் புரிந்துகொண்டு, ஊருக்குத் தகவல் சொல்லத் தொடங்கிவிடும். "இதயம் ரத்தத்தைத் தள்ளுற சக்தி குறைஞ்சிருக்கு, மாத்திரை குடுக்கிறோம், உப்பைக் குறைக்கணும், தினமும் எடை பாருங்க" என்று சொல். அக்யூட் என்றால் திடீரென்று வந்தது, கிரானிக் என்றால் நாள்பட்டது. இரண்டும் கடுமையின் அளவைச் சொல்வதில்லை. ரிப்போர்ட் 'நெகட்டிவ்' என்று கேட்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். புற்றுநோய் இல்லை என்று ஒரு வாக்கியம் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

கடைசியாக, நிமோனியாவை 'ப்நிமோனியா' என்று படித்ததற்கு வகுப்பில் சிரித்தார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த 'பி' கிரேக்கத்தில் ஒலித்த எழுத்து, ஆங்கிலத்தில் வாயடைத்துப் போனது. டிஸ்ப்னியாவில் சொல்லுக்கு நடுவே வருவதால் அது இன்னும் ஒலிக்கிறது. சோயாஸ், டோசிஸ் என்று படிக்கிற சொற்களிலும் முன்னால் அதே 'பி' ஒளிந்திருக்கிறது. ஒரு சொல் முதல்முறை வரும்போது சத்தமாகப் படித்துவிடு, தப்பாக இருந்தால் யாராவது திருத்துவார்கள். ரவுண்ட்ஸில் சீஃப் சொன்ன சொல் காதில் சரியாக விழவில்லை என்றால், "சார், ஸ்பெல்லிங் சொல்லுங்க" என்று அப்போதே கேட்டு எழுதிக்கொள். முதல் வாரத்தில் நீ எடுக்கும் கேஸ் ஹிஸ்டரி ஒன்றை, நோயாளியின் பெயர் விவரம் இல்லாமல், அவர் பேச்சு ஒரு பக்கமும் உன் மருத்துவச் சொல் மறுபக்கமுமாக எழுதி எனக்கு அனுப்பு. திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்