கண்ணில் தூசியா?

ராஸ் லஃபான் பக்கம் ஷமால் காற்று அடிக்கும் நாட்களை நீங்க பார்த்திருப்பீங்க. 'ஷமால்' என்றால் அரபு மொழியில் வடக்கு. வடமேற்கிலிருந்து வரும் இந்தக் காற்று தூசியையும் அள்ளிக்கொண்டு வரும். ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் ஓடுவதற்குள் கண் கரகரவென்று உறுத்தும். உடனே கண்ணீர் வரும். நீங்க அழவே இல்லை. அப்புறம் ஏன் கண்ணீர்?

கண்ணீரில் மூன்று வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை.

முதல் வகை, எப்போதும் கண்ணில் இருக்கும் கண்ணீர். நாம் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 15 முறை இமைக்கிறோம். ஒவ்வொரு முறையும் இமை இந்தக் கண்ணீரைக் கண் முழுவதும் மெல்லிசாகத் தடவிவிடும். இதில் உப்பு கலந்த நீர் இருக்கிறது. நீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் இருக்க மேலே கொஞ்சம் எண்ணெயும் இருக்கிறது. ஏசி ரூமில் டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் இமைப்பது குறையும். அதனால்தான் கண் காய்ந்து எரிகிறது!

இந்தக் கண்ணீரில் கிருமிகளைக் கொல்லும் ஒரு பொருளும் உண்டு. அதன் பெயர் லைசோசைம். அதைப் பற்றி 1922இல் உலகத்துக்குச் சொன்னவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். பின்னால் பெனிசிலினைக் கண்டுபிடித்தாரே, அவரேதான். சோதனைக்கு நிறையக் கண்ணீர் வேண்டும். அதற்காகக் கண்ணில் எலுமிச்சைச் சாறு பட வைத்துக் கண்ணீர் எடுத்தார். பாவம், கண்ணீர் கொடுத்தவர்கள்!

இரண்டாம் வகை, கண்ணைக் கழுவ வரும் கண்ணீர். தூசி, புகை, வெங்காயம் எது பட்டாலும் இது வரும். கண்ணுக்கு மேலே, காதுப் பக்கமாக, கண்ணீர்ச் சுரப்பி இருக்கிறது. மூளை சொன்னதும் அது நிறையக் கண்ணீரைச் சுரக்கும். தூசி கழுவிக்கொண்டு போய்விடும். மிச்சக் கண்ணீர், கண் ஓரத்தில் உள்ள சின்ன ஓட்டை வழியாக மூக்குக்குள் போகும். அழும்போது மூக்கு ஒழுகுவதும் இதனால்தான். ஆனால் ரசாயனம் தெறித்துவிட்டால் கண்ணீர் மட்டும் போதாது. ரொம்ப நேரம் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அதனால் பெரிய தொழிற்சாலைகளில் கண் கழுவுவதற்கென்றே தனிக் குழாய் வைத்திருப்பார்கள். வீட்டில் யாராவது பிளான்ட்டில் வேலை பார்த்தால் கேட்டுப் பாருங்க.

மூன்றாம் வகைதான் அதிசயம். துக்கத்திலும் சந்தோஷத்திலும் வரும் கண்ணீர். முதலை இரை தின்னும்போது அதன் கண்ணில் நீர் வருவது உண்டு. அது சோகம் இல்லை. பொய்யாக அழுவதை 'முதலைக் கண்ணீர்' என்று சொல்வது அதனால்தான். நமக்குத் தெரிந்தவரை, மனசு கலங்கிக் கண்ணீர் விடுவது மனிதர்கள் மட்டுமே.

தூசி கண்ணைக் கழுவ வரும் கண்ணீர் சரி. துக்கத்தில் எதைக் கழுவுகிறோம்?

அமெரிக்காவில் ராபர்ட் புரொவைன் என்ற அறிஞரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2009இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அழுபவர்களின் போட்டோக்களை எடுத்து, கண்ணீரை மட்டும் கம்ப்யூட்டரில் அழித்தார்கள். முகம் அதே முகம்தான். ஆனால் பார்த்தவர்களுக்குச் சோகம் குறைவாகத் தெரிந்தது. சில முகங்களில் இருப்பது சோகமா, குழப்பமா என்றே புரியவில்லை. அப்படியென்றால் இந்தக் கண்ணீர் மற்றவர்கள் பார்ப்பதற்காகவும் வருகிறது. 'எனக்கு ஒண்ணு ஆயிடுச்சு, பக்கத்துல வாங்க' என்று வாயால் சொல்லாமலே அது சொல்லிவிடுகிறது.

திருக்குறளில் 'அன்புடைமை' அதிகாரத்தின் முதல் குறளும் இதைத்தான் சொல்கிறது. அன்பை உள்ளே வைத்துப் பூட்ட முடியாதாம். சின்னக் கண்ணீர்த்துளியே அதை வெளியே காட்டிவிடுமாம்.

ஆனாலும் பெரியவர்கள் கண்ணீரை மறைப்பார்கள். லீவு முடிந்து பாட்டி ஊருக்குத் திரும்பும் நாள். தோஹா ஏர்போர்ட்டில் முந்தானையால் கண்ணைத் துடைப்பாங்க.

"ஏன் பாட்டி அழுறீங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு, தூசி விழுந்துடுச்சு."

ஏர்போர்ட்டுக்குள்ளே ஏது தூசி? இப்போது உங்களுக்கு அது எந்த வகைக் கண்ணீர் என்று தெரியும், இல்லையா?

"ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்று சிலர் கேட்பார்கள். ஆண்களுக்கும் அதே கண்ணீர்ச் சுரப்பிதான் இருக்கிறது. அப்பாவுக்கும் இருக்கிறது.

ஆகவே யாராவது அழுதால், உடனே "அழாதே" என்று சொல்லாதீங்க. பக்கத்தில் போய் உட்காருங்க. "என்ன ஆச்சு?" என்று கேளுங்க. பதில் வராவிட்டாலும் எழுந்து போகாதீங்க. கண்ணீர் கூப்பிட்டது உங்களைத்தான்.

சொல்லும் பொருளும்

உறுத்துதல் – கண்ணில் ஏதோ குத்துவது போல இருத்தல்
சுரப்பி – உடலுக்குத் தேவையான நீரை உண்டாக்கும் உறுப்பு
கண் கலங்குதல் – கண்ணில் நீர் நிறைதல்
தேம்புதல் – விட்டு விட்டு அழுதல்

பேச்சும் எழுத்தும்

தூசி விழுந்துடுச்சு – தூசி விழுந்துவிட்டது
ஏன் அழுறீங்க? – ஏன் அழுகிறீர்கள்?
என்ன ஆச்சு? – என்ன ஆயிற்று?

பதில் சொல்லுங்கள்

1. அழும்போது மூக்கு ஏன் ஒழுகுகிறது?
2. போட்டோவில் கண்ணீரை அழித்ததும் என்ன மாறியது?
3. பாட்டி ஏன் 'தூசி' என்று சொன்னாங்க? நீங்க நினைப்பதை எழுதுங்க.

வீட்டில் செய்யுங்கள்

ஊரில் இருக்கும் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ போன் செய்யுங்க. "சந்தோஷத்துல எப்பவாவது அழுதிருக்கீங்களா?" என்று கேளுங்க. அவங்க சொல்வதை ஐந்து வரிகளில் எழுதி வகுப்பில் படியுங்க.