கொல்லைப்புறத்தில் ஒரு செங்கல் பீட்சா அடுப்பு

மதுரை திருமலை நாயக்கர் மகாலில், செங்கலும் சுண்ணாம்புக் காரையுமாக எழுந்த சொர்க்க விலாசத்தின் குவிமாடம் இரும்பு உத்திரம் இல்லாமலே நிற்கிறது. விறகு பீட்சா அடுப்புக்கும் அந்த வளைவுதான் உயிர்.

மேடை: இடுப்பு உயரம் போதும். அரிசி ஆலை உமிச்சாம்பலைக் களிமண்ணில் குழைத்து, மேடைமேல் 10 செ.மீ. கனத்துக்குப் பரப்பினால் சூடு கீழே இறங்காது.

செங்கல்: தளத்துக்கும் உட்குவிமாடத்துக்கும் தீச்செங்கல், வெளிச்சுற்றுக்குச் சூளைச் செங்கல். தீ படும் இடத்தில் சாதாரண சிமென்ட் கலவை வெடித்துவிடும். களிமண்ணும் மணலும் சேர்த்துப் பூசலாம்.

வாசல்: குவிமாடத்தின் உள்ளுயரம் 45 செ.மீ. என்றால் வாசல் 28 செ.மீ. இதைவிட உயர்ந்தால் சூடு வெளியேறும், தாழ்ந்தால் தீ மூச்சுத் திணறும்.

உலர்த்தல்: ஒரு வாரம் நிழலில் காயட்டும். பிறகு ஐந்தாறு நாள் சுள்ளித் தீயில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டவும். அவசரப்பட்டால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி விரிசல் விழும்.

விறகு: காய்ந்த சீமைக்கருவேலம் நின்று எரியும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் கூடவே கூடாது, புகை நச்சு.

தளம் 400 டிகிரி செல்சியஸ் தொட்டால், நேப்பிள்ஸ் பாணி பீட்சா 60 முதல் 90 வினாடிகளில் வெந்துவிடும். தணலில் பன் சுடலாம், கத்தரிக்காய் வாட்டலாம். ஐப்பசி மழைக்கு முன் மேலே தகரக் கூரை போட்டுவிடுங்கள்.