பொத்தானை அழுத்தினால் மாறும் கியர்

கேள்வி: செஞ்சிக்கோட்டை பார்க்க வந்தவர்களின் சைக்கிளில் கியர் பொத்தானில் மாறியது. வாங்கலாமா? – ஒரு வாசகர், பனமலை

பதில்: அந்தச் சுகம் உண்மையானது. கேபிள் இழுக்கும் வேலையைப் பின்கியரில் உள்ள சிறு மோட்டார் செய்கிறது. கேபிள் இல்லாததால் துருப்பிடிப்பதும் தளர்வதும் இல்லை. விரல் பட்டதும் செயின் சரியான பல்சக்கரத்தில் விழும். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் பல நூறு கிலோமீட்டர் தாங்கும். பிரான்சின் மாவிக் நிறுவனம் 1990களிலேயே இதை முயன்றது. 2009இல் ஷிமானோ நிறுவனத்தின் டிஐ2 என்ற மின்கியர் வந்த பிறகே பந்தய வீரர்கள் முழுதாக நம்பினார்கள். ஷிமானோவின் நடுத்தர வரிசையான 105க்கு அந்த மின்கியர் இறங்கியது 2022இல்தான். இன்றும் அப்படிப்பட்ட வண்டி லட்சங்களில்தான் கிடைக்கும்.

உங்களுக்கு வேண்டாம் என்பேன். பனமலை–செஞ்சி சாலை பெரும்பாலும் சமதளம். கேபிள் அறுந்தால் உள்ளூர்க் கடையிலேயே மாற்றலாம். மோட்டார் கெட்டால் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போக வேண்டும். நல்ல கேபிள் கியர் வண்டியே எடுங்கள். மிச்சப் பணத்தில் தரமான டயரும் ஹெல்மெட்டும் வாங்குங்கள்.