டவுன் தண்ணியும் தோட்டத்துப் பீலியும்

"டவுன்ல குழாயத் தொறந்தா தண்ணி வருது. நமக்கு மட்டும் ஏன் ஐயா இந்தப் பீலி?" லயத்துக்கு லயம் இதே கேள்விதான். பதிலுக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முன்பு ஊர்த் தண்ணீர் அந்தந்த ஊர்ச் சபையின் பொறுப்பு. 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி 1975இல் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை தொடங்கியது. நாம் 'வாட்டர் போர்ட்' என்கிறோமே, அதுதான். பல ஊர்களின் குழாய்த் தண்ணீர் பிறகு அதன் கைக்குப் போனது. நுவரெலியா, கண்டி மாநகர சபைகள் இன்றும் சொந்தமாக நீர் வழங்குகின்றன.

சின்னச் சபையால் வடிகட்டும் நிலையமும் பரிசோதனைக் கூடமும் வைக்க ஏலாது. பெரிய சபையால் முடியும். அந்த நன்மை பெரியது. ஆனால் மீட்டர் வந்தது. 1,000 லீற்றர் ஒரு யூனிட். பாவனை கூடினால் யூனிட் விலையும் கூடும். குழாய் உடைந்தால் ஊர் மெம்பரைப் பிடித்த காலம் போய், கந்தோருக்கு அலைய வேண்டியதாயிற்று. பெயரில் வடிகால் இருந்தாலும், கழிவுநீர்க் குழாய் போட்ட நகரங்கள் மிகச் சிலவே. டவுனிலும் பெரும்பாலும் குழிதான்.

தோட்டம் இந்தக் கணக்கில் வரவேயில்லை. அரசாங்கம் தோட்டங்களை எடுத்தபோதும், 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனபோதும், தண்ணீர் தோட்டத்துப் பாடாகவே இருந்தது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டத்தில் செலவழிக்கத் தடையாக நின்றது. 2018இல் அது திருத்தப்பட்டது. இப்போது கேட்கலாம். வாயால் கேட்டால் காற்றோடு போகும். கடிதம் கொடுத்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

பீலிக்குப் பில் இல்லை, சோதனையும் இல்லை. பார்வைக்குத் தெளிவாக இருக்கும். ஆனால் ஊற்றுக்கு மேல் மேட்டில் கக்கூஸ் குழி இருந்தால், மழைக்கு அது எங்கே இறங்கும்? வயிற்றோட்டம், செங்கமாரி, நெருப்புக்காய்ச்சல் வருவது இப்படித்தான். புதுக்குழி வெட்டுமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு இடத்தைக் காட்டுங்கள். ஊற்றுக்குக் கீழ்ப்புறமாக, 50 அடியாவது தள்ளி இருக்கட்டும். குடிக்கக் கொதித்தாறிய தண்ணீர்தான். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் போத்தலுக்கும் அதுவே.

வாட்டர் போர்ட் குழாய் தோட்டத்துக்கு வருமென்று பேச்சு எழுந்தால், முதலில் ஒன்றைக் கேளுங்கள்: மீட்டர் வீட்டுக்கு ஒன்றா, லயத்துக்கு ஒன்றா? லயத்துக்கு ஒன்றென்றால் ஒருவர் குழாயைத் திறந்து விட்டதற்குப் பத்துக் குடும்பம் காசு கட்டும். சண்டை வரும், பிறகு பில் கட்டாமல் இணைப்பையே வெட்டுவார்கள். வீட்டுக்கு ஒன்று என்று குழாய் போடுமுன்பே எழுதி வாங்குங்கள்.