உரோமாபுரியைப் பார்ப்பது எப்படி?



வாழ்நாளில் ஒருமுறையாவது உரோமாபுரியைத் தரிசித்துவிட வேண்டும் என்ற ஆசை நமது குடும்பங்கள் பலவற்றில் உண்டு. ஒரு காலத்தில் அது குருக்களுக்கும் கன்னியர்களுக்குமே கிட்டும் பேறாக இருந்தது. இன்றோ பிள்ளைகள் ஐரோப்பிய நாடுகளில் குடியேறியிருப்பதால், ஊரில் இருக்கும் தாய் தந்தையரும் அங்கு சென்றுவர வழி பிறந்திருக்கிறது. இவர்களுட் பலர் தனியே போவதில்லை. ஒரு யாத்திரைக் குழுவில் பெயரைக் கொடுத்து, முப்பது நாற்பது பேரோடு பஸ் வண்டியில் ஏறிச் செல்கிறார்கள்.

போய் வந்தவரிடம், "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாம் பார்த்தோம்" என்பார். "எல்லாம் என்றால்?" என்று மீண்டும் கேட்டால், "பெரிய கோவில், பெரிய சனம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். வழிகாட்டி உயர்த்திப் பிடித்த குடையைத்தான் அதிகம் பார்த்தோம் என்று உண்மையை ஒப்புக்கொள்பவரும் உண்டு. செலவழித்த பணமோ சிறிதன்று. வயது சென்ற ஒரு தாய்க்கு இப்பயணம் இரண்டாந்தரம் கிடைக்கப் போவதுமில்லை. ஆகவே, கூட்டத்தோடு நடந்தாலும் கண் திறந்து நடப்பது எப்படி என்பதை இவ்வாரம் சிறிது படிப்போம்.

1. நான்கு ஆண்டுகளை மனத்தில் பதியுங்கள்

உரோமையில் வழிகாட்டி சொல்லும் பெயர்களும் ஆண்டுகளும் மழைபோல் பொழியும். அத்தனையையும் நினைவில் வைத்திருக்க யாராலும் முடியாது. புறப்படுமுன் நான்கே ஆண்டுகளை மனனம் செய்துகொள்ளுங்கள். கி.பி. 64: உரோமை நகர் தீப்பற்றி எரிய, நீரோ மன்னன் பழியைக் கிறிஸ்தவர்கள் மேல் போட்டு அவர்களை வதைத்த ஆண்டு. 80: கொலோசியம் அரங்கு திறக்கப்பட்ட ஆண்டு. 313: கொன்ஸ்தந்தீன் காலத்தில் திருச்சபைக்குச் சுதந்திரம் கிடைத்த ஆண்டு. 1506: இப்போதுள்ள புனித இராயப்பர் பேராலயத்துக்குப் பாப்பரசர் 2ம் யூலியஸ் அடிக்கல் இட்ட ஆண்டு. இந்நான்கும் நான்கு கொளுக்கிகள் போன்றவை. மற்ற எந்தச் செய்தியையும் இவற்றுள் ஒன்றில் மாட்டிவிடலாம்.

இதன் பயனை உடனே காணலாம். கொலோசியத்தின் முன் நிற்கும்போது, "நீரோ இங்கேதான் கிறிஸ்தவர்களைச் சிங்கங்களுக்கு இரையாக்கினான்" என்று உங்கள் குழுவில் ஒருவர் பக்தியோடு சொல்வார். அது முடியாத காரியம். நீரோ 68ஆம் ஆண்டில் இறந்தான். வெஸ்பசியான் மன்னன் அரங்கைக் கட்டத் தொடங்கியதோ ஏறக்குறைய 72ஆம் ஆண்டில். அதைத் திறந்தவன் அவன் மகன் தீத்து. நீரோவின் காலத்தில் அந்த நிலம் அவனது பொன்மாளிகையைச் சேர்ந்த ஒரு செயற்கை ஏரியாக இருந்தது!

அப்படியானால் நீரோ கிறிஸ்தவர்களை வதைத்தது எங்கே? தன் பூங்காக்களிலும் தேரோட்ட அரங்கிலும் அவன் அதைச் செய்தான் என்று தசித்துஸ் என்ற உரோமை வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். அந்த அரங்கு தைபர் நதிக்கு அப்பால், வத்திக்கான் குன்றடியில் இருந்தது. புனித இராயப்பர் பேராலயம் இன்று எழுந்து நிற்பது அதன் அருகிலேதான்.

கொலோசியத்தில் இன்ன வேதசாட்சி இறந்தார் என்று உறுதியாகக் காட்டக்கூடிய பழைய சான்றுகள் அரிது. ஆயினும் போர்க் கைதிகளும் அடிமைகளும் தண்டனை பெற்றவர்களும் அங்கே சனங்களின் பொழுதுபோக்குக்காக மடிந்தார்கள் என்பதில் ஐயமில்லை. பெரிய வெள்ளியன்று அங்கே சிலுவைப் பாதை நடைபெறுவது பொருத்தமானதே. நம் விசுவாசம் உண்மையின்மேல் நிற்கிறது. அதற்குத் தவறான கதை ஒன்றை முண்டு கொடுக்க வேண்டியதில்லை. கேட்டதையெல்லாம் ஊருக்குக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குச் சொல்லுமுன் ஆண்டைச் சரிபாருங்கள்.

2. சதுக்கத்தில் ஒரு சாட்சி

புனித இராயப்பர் சதுக்கத்தில் நுழைந்ததும் எல்லோரும் கோவிலை நோக்கி விரைவார்கள். நீங்கள் நடுவில் நிற்கும் ஒற்றைக்கல் தூணை முதலில் பாருங்கள். ஏறக்குறைய 25 மீற்றர் உயரமான இக்கல் எகிப்திலிருந்து கொண்டுவரப்பட்டது. மேலே சொன்ன தேரோட்ட அரங்கில் அது நின்றது. பாப்பரசர் 5ம் சிக்ஸ்துஸ் 1586ஆம் ஆண்டில் நூற்றுக்கணக்கான ஆட்களையும் குதிரைகளையும் கொண்டு அதை இப்போதைய இடத்துக்கு மாற்றுவித்தார். முதல் வேதசாட்சிகள் சாகும்போது நிமிர்ந்து பார்த்திருக்கக்கூடிய கல்லைத்தான் நீங்களும் பார்க்கிறீர்கள். அதன் உச்சியில் இன்று சிலுவை நிற்கிறது.

சதுக்கத்தை இரு கரங்கள்போல் அணைத்து நிற்கும் 284 தூண்களும் பெர்னீனி என்ற சிற்பியின் திட்டப்படி எழுந்தவை. நான்கு வரிசைகளாக அவை நிற்கின்றன. ஒற்றைக்கல் தூணுக்கும் நீரூற்றுக்கும் இடையே நிலத்தில் ஒரு வட்டக் கல் பதித்திருக்கும். அதன்மேல் ஏறி நின்று பாருங்கள்: முன்னேயுள்ள நான்கு வரிசைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து ஒரே வரிசையாகத் தெரியும். ஓரடி விலகினால் மீண்டும் நான்காகும். குழந்தைகளுக்கு இதைக் காட்டத் தவறாதீர்கள்.

3. பேராலயம் ஒரு கல்லறை

உள்ளே போனதும் அளவு நம்மை மயக்கிவிடும். பொன்னையும் பளிங்கையும் பார்த்துத் திகைப்பதோடு நின்றுவிட வேண்டாம். இக்கோவில் ஏன் இங்கே கட்டப்பட்டது என்ற கேள்வியைக் கேளுங்கள். வத்திக்கான் ஒரு சரிவான குன்று; கோவில் கட்ட வசதியான இடமன்று. அங்கே ஏற்கெனவே ஒரு இடுகாடும் இருந்தது. அப்படியிருந்தும் கொன்ஸ்தந்தீன் அக்கல்லறைகளை மண்ணிட்டு மூடி, குன்றை வெட்டிச் சமப்படுத்தி, அங்கேயே முதற் கோவிலைக் கட்டினான். ஒரு குறிப்பிட்ட கல்லறையை விட்டு விலக அவன் விரும்பவில்லை என்பதே இதற்குக் காரணம்.

1940ஆம் ஆண்டளவில் தொடங்கிய அகழ்வில் பீடத்தின் கீழே அந்த இடுகாடு வெளிப்பட்டது. இராயப்பரின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டதெனப் பாப்பரசர் 12ம் பத்திநாதர் 1950இல் அறிவித்தார். இப்போது பீடத்தருகே நின்று மேலும் கீழும் பாருங்கள். குவிமாடம், அதன் நேர் கீழே வெண்கல விதானம், அதன் கீழே பீடம், அதன் கீழே ஒரு மீனவரின் கல்லறை: எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. குவிமாடத்தைத் திட்டமிட்ட மிக்கேல் ஆஞ்சலோ 1564இல் இறந்தார். அது நிறைவுற்றதோ 1590இல். தாம் காணப்போகாத ஒன்றுக்காக முதுமையில் உழைத்தவர் அவர்.

வலப்புறத்து முதற் சிற்றாலயத்தில், மரித்த மகனை மடியில் தாங்கிய மாதாவின் சிலை இருக்கிறது. 1499இல் அதை முடித்தபோது மிக்கேல் ஆஞ்சலோவுக்கு வயது 24. 1972இல் ஒருவன் சுத்தியலால் அதைத் தாக்கினான். பின்னர் அது செப்பனிடப்பட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கப்பட்டது. அங்கே படம் எடுக்கக் கைத்தொலைபேசிகள் உயர்ந்த வண்ணமே இருக்கும். நீங்கள் ஒரு 'அருள் நிறைந்த மரியாயே' சொல்லும் நேரமாவது கையைக் கீழே போட்டுப் பாருங்கள்.

4. நிலத்தின் கீழே

ஆப்பியா வீதியருகே உள்ள புனித கலிஸ்துஸ் சுரங்கக் கல்லறைகளுக்குப் பெரும்பாலான குழுக்கள் செல்லும். கிறிஸ்தவர்கள் அங்கே ஒளிந்து வாழ்ந்தார்கள் என்று நம்மில் பலர் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். அவை குடியிருப்புகள் அல்ல, இடுகாடுகள். நகர மதிலுக்குள் பிணம் புதைப்பதை உரோமைச் சட்டம் தடுத்தது; நிலமும் விலை கூடியது. தோண்டும்போது மெதுவாயும் காற்றுப்பட்டதும் இறுகியும் விடும் எரிமலைக் கல் அங்கே இருந்தபடியால், கீழே கீழே தோண்டினார்கள்.

மூன்றாம் நூற்றாண்டின் பாப்பரசர்கள் ஒன்பது பேர் அடக்கம் பெற்ற அறை அங்கே உண்டு. அந்த இடத்தைப் பராமரித்த கலிஸ்துஸ் முன்னர் ஓர் அடிமை, பின்னர் பாப்பரசரானார். சுவர்களில் மீன், நங்கூரம், புறா, ஆட்டைத் தோளில் சுமக்கும் ஆயன் ஆகிய அடையாளங்களைத் தேடுங்கள். மீன் என்ற கிரேக்கச் சொல்லின் ஐந்து எழுத்துக்களும் 'இயேசு, கிறிஸ்து, கடவுளின், மகன், மீட்பர்' என்ற ஐந்து சொற்களின் முதலெழுத்துக்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

5. பலர் தவறவிடுவன

உரோமை ஆயரின் தலைமைக் கோவில் எது என்று கேட்டால் பலரும் புனித இராயப்பர் பேராலயம் என்பார்கள். அன்று. இலாத்தரன் பேராலயமே அது. குழு அங்கே போகாவிடில் கேட்டுப் பார்க்கலாம். பந்தேயோன் என்ற பழைய தேவர் கோவில் 609இல் மாதாவுக்கும் வேதசாட்சிகளுக்கும் அர்ப்பணிக்கப்பட்டது. அதனாலேயே இடிபடாமல் தப்பியது எனலாம். 43 மீற்றர் அகலமான அதன் குவிமாடத்தின் உச்சியில் உள்ள திறந்த வட்டத்தின் வழியே மழை உள்ளே விழும். தரையில் உள்ள சிறு துளைகள் நீரை வடித்துவிடும். திரேவி நீரூற்றில் உல்லாசப் பிரயாணிகள் எறியும் காசு உரோமைக் கரித்தாஸ் மூலம் ஏழைகளுக்குச் சேர்கிறது.

6. குழுவில் நடப்போர் கடமை

குறித்த நேரத்துக்கு வாருங்கள். ஒருவர் பிந்தினால் நாற்பது பேர் வெயிலில் நிற்பார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை அணியுங்கள். இல்லையேல் வாசலிலேயே திருப்பி விடுவார்கள். கடவுச்சீட்டையும் பணத்தையும் முதுகுப் பையில் வைக்க வேண்டாம். நெரிசலில் முடிச்சுமாறிகள் உண்டு. தெருவோரக் குழாய்களில் ஓடுவது குடிக்கத்தக்க நல்ல நீர். வெறும் போத்தல் ஒன்றைக் கொண்டு போங்கள். வழி தவறினால் எங்கே சந்திப்பது என்பதை ஒவ்வோர் இடத்திலும் முன்கூட்டியே பேசி வையுங்கள். சிஸ்தீன் சிற்றாலயத்தில் பேசவோ படம் எடுக்கவோ கூடாது.

எல்லாவற்றிலும் மேலாக, குழுவில் மெதுவாக நடக்கும் முதியவரோடு ஒருவராவது சேர்ந்து நடவுங்கள். குடையைத் தவறவிட்டாலும் அதற்குள்ள மதிப்பு யாத்திரையில் குறையாது.

முடிவுரை

புனித மரியன்னை பெரிய பேராலயத்தில் 'பிரான்சிஸ்குஸ்' என்ற ஒரு பெயர் மட்டும் இலத்தீனில் பொறித்த எளிய கல்லறை ஒன்று உண்டு. 2015 தை மாதம் 14ஆம் திகதி யோசேவ் வாஸ் அடிகளாரைக் கொழும்பில் புனிதராக உயர்த்தி, அன்றே மருதமடு அன்னையின் சந்நிதிக்கு வந்து நம் சனங்களோடு செபித்த பாப்பரசர் பிரான்சிஸ், 2025 சித்திரையில் அங்கே அடக்கம் செய்யப்பட்டார். அன்று மடுவில் வெயிலில் நின்ற ஒரு தாய் அந்தக் கல்லறை முன் நின்றால், எந்த வழிகாட்டியும் சொல்ல முடியாத ஒன்றை அவள் அறிவாள். தன் பக்கத்தில் நிற்கும் பேரப்பிள்ளைக்கு அதை அவள் சொல்லட்டும். உரோமாபுரியைப் பார்த்ததன் பயன் அதுவே.

குடும்பமாக உரையாட:

1. நீரோ கொலோசியத்தில் கிறிஸ்தவர்களை வதைத்திருக்க முடியாது என்பதை எந்த ஆண்டுகளைக் கொண்டு காட்டுவீர்கள்?

2. வசதியற்ற குன்றில் கொன்ஸ்தந்தீன் கோவில் கட்டியதிலிருந்து நாம் அறிவது என்ன?

3. நமது பங்குக் கோவில் எந்த ஆண்டில், யாருடைய உழைப்பால் கட்டப்பட்டது? வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.