ஒஸ்லோவின் குரோருட்டிலிருந்து வறண்ட மலைகளுக்குப் பூபில் (வீட்டுவண்டி) பயணம்

நோர்வேயில் பாலைவனம் இல்லை. ஆனால் ஆண்டுக்கு 300 மில்லிமீற்றருக்கும் குறைவாக மழை பெறும் ஷோக் பள்ளத்தாக்கு இருக்கிறது. பக்கத்திலேயே ரைன்ஹைமன் தேசியப் பூங்கா. போகும் வழியில், நாட்டின் முதல் தேசியப் பூங்காவான ரொண்டானவையும் (1962) பார்க்கலாம். E6 நெடுஞ்சாலை வழியே ஒத்தா வரை போய், அங்கிருந்து 15ஆம் இலக்க வீதியில் மேற்கே திரும்புங்கள்.

முதலில் வண்டியின் எடையைப் பாருங்கள். சாதாரண B உரிமத்துக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3500 கிலோ. ஆட்கள், அரிசி மூட்டை, சைக்கிள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 100 லீற்றர் தண்ணீர் 100 கிலோ! பலர் மறப்பது இதைத்தான். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் தேவையானதை மட்டும் வீட்டில் நிரப்பி, மிச்சத்தை ஒத்தாவுக்குக் கிட்ட ஒரு முகாமிடத்தில் பிடியுங்கள்.

கழிவறைத் தொட்டியை அதற்கென உள்ள இடத்தில் மட்டுமே கொட்ட வேண்டும். புறப்படும் முன்னரே அந்த இடங்களை வரைபடத்தில் குறித்து வையுங்கள்.

ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் அதன் அருகிலும் திறந்த நெருப்புக்குத் தடை. அதனால் புட்டும் கறியும் வண்டிக்குள் காஸ் அடுப்பில்தான், ஜன்னலைத் திறந்து வைத்து.

ரொண்டானவில் காட்டுக் கலைமான்கள் உண்டு. கண்டால் நின்றுவிடுங்கள், பிள்ளைகளைக் கிட்டப் போக விடாதீர்கள். பாதையை விட்டு வண்டியை இறக்கவே கூடாது. அங்குள்ள வெளிர்நிறப் பாசிக்காளான் நசுங்கினால் மீண்டும் மிக மெதுவாகத்தான் வளரும்.

யூலையிலும் இரவு நன்றாகக் குளிரும். கம்பளி உடுப்பு கட்டாயம்.